மாடியில் வெயில் குறைந்த வருஷம்

எங்கள் வட்டாரத்தில் வெயிலுக்கு வாடகை உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் சொன்னால் கேலி செய்கிறோம் என்று நினைப்பார்கள். ஒரு நாள் தங்கிப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஊர் இந்த இடத்தில் கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது. ஒரு பக்கம் ரயில் பாதைக்காகப் போட்ட மண்மேடு. எதிர்ப்பக்கம் கால்வாய்க்கரை. நடுவிலிருக்கும் பள்ளத்தில்தான் ஜனம், தொழில் எல்லாம். அகலத்துக்கு இடமில்லாததால் கட்டடங்கள் ஒன்றன் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு உயரத்துக்குப் போய்விட்டன. கீழே கடை, அதற்கு மேல் பட்டறை, அதற்கும் மேல் குடித்தனங்கள். சந்துகளில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். தரையில் வெயில் என்பது கோடையில் உச்சி வேளையில் மட்டும், சந்தின் நடுவே ஒரு நாடா அகலத்துக்கு வந்து போகும். மழை பெய்து ஓய்ந்து வாரம் ஆனாலும் சுவரைத் தொட்டால் விரல் நனையும்.

ஆனால் இங்கே செய்யும் சரக்கு எல்லாமே ஈரத்தில் பிறப்பது. செருப்புப் பெட்டிக்குப் பசை வேண்டும். நாடாவுக்குச் சாயம் வேண்டும். படச்சட்டத்துக்கு வார்னிஷ், பொம்மைக்குப் பெயின்ட், புத்தக அட்டைக்கு மறுபடியும் பசை. ஈரம் கீழே இருக்கிறது, வெயில் மொட்டை மாடியில் இருக்கிறது. ஆகவே மாடி வைத்திருப்பவர்கள் வெயிலை வேளைக் கணக்கில் விடுகிறார்கள். காலை வெயில் ஒருவருக்கு, பிற்பகல் வெயில் இன்னொருவருக்கு. ஈரத்தை மேலே ஏற்றி, காய்ந்ததைக் கீழே இறக்குவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் முதல் ஆள் வெயிலக்கா.

அந்தப் பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. வயதில் மூத்த பட்டறைக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இங்கே வந்தபோது அவளுக்குக் கிடைத்தது தரைத்தளத்தில், பின்கட்டில், ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஓட்டை மட்டும் உள்ள அறை. புருஷன் மூன்று சக்கர வண்டியில் சரக்கு ஏற்றுகிறவர். அவள் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டினாள். மழைக்காலத்தில் ஒட்டிய பெட்டிக்குக் காலையில் பூஞ்சை தாடி முளைத்திருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒரு நாள் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எல்லாப் பெட்டியையும் தலையில் ஏற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள். அவளுடைய பெட்டி மட்டும் மொறுமொறுவென்று இருப்பதைப் பார்த்துப் பெட்டிப் பட்டறைக்காரர் தன் சரக்கையும் சேர்த்துக் காயப்போடச் சொன்னார். பிறகு நாடாக்காரர் வந்தார். பிறகு சட்டக்காரர். புருஷன் பழைய கப்பி ஒன்றைத் தேடிப்பிடித்து மாடி விளிம்பில் மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து மூட்டைகள் படி ஏறவில்லை, கயிற்றில் ஏறின. கொஞ்ச காலத்தில் அந்த மாடியின் முழு நாள் வெயிலும் அவளுடையதாயிற்று.

அவள் வேலை செய்வதைப் பார்ப்பது ஒரு சுகம். காயப்போடுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று தோன்றும். சாயநாடா பக்கத்தில் வெள்ளைப் பெட்டி இருக்கக் கூடாது, காற்று திரும்பினால் சாயம் தெறிக்கும். பெயின்ட் அடித்த பொம்மைக்குத் தூசி ஆகாது. அதனால் அது எப்போதும் காற்று வரும் முகப்பில், மற்றவை அதற்குப் பின்னால். யார் சரக்கு எந்த வரிசையில், எதை எப்போது புரட்ட வேண்டும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ஒருவர் நாடா இன்னொருவர் மூட்டைக்குள் போனதாக ஒரு தகராறு வந்ததில்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு அவளிடம் ஒரே ஒரு கருவிதான் இருந்தது, புறங்கை. சரக்கின் மேல் புறங்கையை வைப்பாள். இளஞ்சூடாக இருந்தால் காய்ந்துவிட்டது. உள்ளே ஈரம் இருந்தால் அந்த இடம் மட்டும் குளிர்ந்திருக்கும். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டே போவாள். அந்தக் கை பொய் சொன்னதே இல்லை என்பது பட்டறைகளில் பேச்சு.

மழையைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். கால்வாய்ப் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் காற்று நின்று, ரயில் மேட்டின் கரிவாசனை மாடிக்கு வந்தால் தார்ப்பாயை எடுத்துவிடுவாள். பக்கத்து மாடிகளில் சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் தூறல் விழும். பிறகு அவர்கள் சரக்கை அள்ளவும் இவளே சுவர் தாண்டி ஓடுவாள்.

"ஊர்ல மழை வந்தா மனுசன் குடை பிடிப்பான். எங்க வீட்ல அட்டைப்பெட்டிக்குக் குடை பிடிச்சுட்டு, மனுசன் நனைவான்" என்பார் புருஷன்.

"நீங்க நனைஞ்சா தொடச்சுக்கலாம். அட்டை நனைஞ்சா அடுப்புக்குத்தான்" என்பாள் அவள்.

கூட வேலை செய்தது அவளுடைய நாத்தனார். புருஷனுக்கு இளையவள், கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். இரண்டு பேருடைய சாப்பாடும், அந்தப் பின்கட்டு அறையும், இந்த ஊரில் இருக்கிறோம் என்பதும் அந்த மாடியை நம்பித்தான்.

மாடியின் மேற்குப் பக்கம் ஆதியிலிருந்தே ஒரு காகிதக் கிடங்கு உயர்ந்து நின்றது. அதனால் பிற்பகல் சாய்ந்ததும் வெயில் போய்விடும். கிழக்கே இரும்புக் கடைக்காரரின் தாழ்ந்த கட்டடம். அந்தப் பக்கம் திறந்துகிடந்ததால் காலையிலிருந்து வெயிலுக்குக் குறைவில்லை. ஒரு வருஷம், மழைக்காலம் முடிந்த கையோடு, இரும்புக் கடைக்காரர் கம்பி இறக்கினார். அவரிடம் கம்பிக்கா பஞ்சம்? கோடை பிறப்பதற்குள் அவர் கட்டடத்தின் மேல் மூன்று மாடி ஏறிவிட்டது.

வெயிலக்கா போய்ச் சண்டை போடவில்லை. அவர் இடத்தில் அவர் கட்டுகிறார், அதில் என்ன கேட்பது? கடைசித் தளம் போட்டதற்கு மறுநாள் காலையில் மாடிக்கு ஏறிப் போனவள், நிழலில் நின்றாள். எப்போதும் வெயில் விழும் நேரம் வந்தது, போனது. உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு சுவருக்கும் நடுவே பாய் விரித்தது போல ஒரு துண்டு வெயில் விழுந்தது. மெல்ல நகர்ந்து மேற்குச் சுவரில் ஏறி மறைந்தது. அவ்வளவுதான்.

"அண்ணி, இந்தத் துண்டுல நாம ரெண்டு பேரும் தலை காய வைக்கலாம், அவ்வளவுதான்" என்றாள் நாத்தனார்.

பட்டறைக்காரர்கள் யாரும் வந்து "இனிமேல் தர மாட்டேன்" என்று சொல்லவில்லை. அவளிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. கயிற்றில் மூட்டை ஏறுவது மட்டும் குறைந்தது. முதலில் நாடா நின்றது. பிறகு பெட்டி. வழியில் பார்த்தால் பெட்டிப் பட்டறைக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு போவார்.

வீட்டுக்காரருக்கும் செய்தி போயிற்று. கெட்ட மனுஷர் இல்லை. கூடம் நிறையப் பேரப்பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை. மேலே வந்து சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒளிச்சுப் பேசறதுக்கு ஒண்ணுமில்ல. தகரம் போட்டு நாலு ரூம் இறக்கினா ஆள் வர்றாங்க. உன்னை உடனே போன்னு சொல்ல மாட்டேன். மழை வரைக்கும் பாரு. நடக்கலைன்னா விட்டுடு."

"விட்டுட்டு எங்க போறதுங்க ஐயா?"

அவர் படியிறங்கினார். பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேறு மாடி எதுவும் காலியில்லை. வேறு வட்டாரத்தில் காயப்போடும் தொழிலே இல்லை.

அன்று சாப்பிடும்போது புருஷன் தன் வழக்கப்படி பேச்சைச் சிரிப்பாக்கப் பார்த்தார். "சூரியனுக்குத்தான் வழி மறைஞ்சுபோச்சு. என் வண்டியில ஏத்திட்டு வந்து இறக்கிடட்டுமா?" அவள் சிரிக்கவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ சொல்ற பக்கம் போலாம். ஆனா நீ இன்னும் சொல்லலையே" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் பைண்டிங் அண்ணன் அட்டை அனுப்பினார். இரண்டு சந்து தள்ளி புத்தகம் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். கோபக்காரர், ஆனால் நேர்மையான கோபம். பள்ளிக்கூட அகராதிக்கான அட்டைகள். கெட்டி அட்டையின் மேல் துணி ஒட்டியவை. மற்ற மாடிகள் நிரம்பிவிட்டன, அதனால்தான் இங்கே வந்தன. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"வேற இடம் இல்ல அக்கா. நாளைக்குச் சாயங்காலம் வேணும். ராத்திரி வெளியூர் பஸ்ஸுல ஏத்தணும். முடியும்னா ஏத்து, முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

"ஏத்துங்கண்ணே."

அட்டைகளை மரச்சட்டங்களில் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு நிற்க வைத்தார்கள். துணி ஒட்டிய அட்டை எப்போதும் வம்பு பிடித்தது. வெயிலில் ஒரு பக்கம் முந்திக்கொண்டு காய்ந்து வளையும். புரட்டிப் புரட்டி வைத்து, பட்டறைக்குப் போன பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் கல்லடியில் அழுத்தி நிமிர்த்துவார்கள். அது இந்த வட்டாரத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட தொல்லை.

ஏற்றி முடித்தபோது உச்சி வெயில் போய்விட்டிருந்தது; முதல் நாள் முழுக்க நிழல். காற்று மட்டும் அடித்தது. கட்டடம் எழும்பிய பிறகு கால்வாய்க் காற்று இரண்டு சுவருக்கும் நடுவே குழாய்க்குள் போவது போல விடாமல் வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை வெயிலக்கா புறங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. அடுத்த அட்டை. அதுவும். வரிசை வரிசையாகத் தொட்டாள். எல்லாம் கிணற்றுக்கல் போல ஜில்லென்று இருந்தன.

"ஒண்ணுகூடக் காயல" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"சாயங்காலம் வேணும்னாரே" என்றாள் நாத்தனார்.

"உச்சி வெயில் வரட்டும். அத்தனையையும் தூக்கி அதுல வெச்சிடலாம். நான் இந்தப் பக்கம் எடுக்கறேன். தண்ணித்தொட்டிக்குப் பின்னால இருக்கறதை நீ எடு."

உச்சி வேளையில் அந்தத் துண்டு வெயில் விழுந்ததும் ஓட்டம் ஆரம்பித்தது. வெயில் நகர நகரச் சட்டங்களை நகர்த்தினார்கள். அது மேற்குச் சுவரில் ஏறியபோது வெயிலக்கா புறங்கையை வைத்தாள். இளஞ்சூடு. மூச்சு விட்டாள். அப்புறம்தான் சட்டத்தைக் குனிந்து பார்த்தாள். அட்டைகள் எல்லாம் உள்ளங்கை குழித்தது போல வளைந்து நின்றன.

பைண்டிங் அண்ணன் கயிற்றுக்குக் காத்திருக்காமல் படியேறியே வந்தார். ஒரு அட்டையைக் கையில் எடுத்தார். தரையில் வைத்தார். அது தொட்டில் மாதிரி ஆடியது.

"என்னக்கா இது? அகராதி கேட்டாங்களா, ஊஞ்சல் கேட்டாங்களா?"

"அண்ணே..."

"முடியாதுன்னா சொல்லிடுன்னு சொன்னேனா இல்லையா? நான் இன்னைக்குப் பஸ்ஸை விட்டா அடுத்த வேலை எனக்கு வராது. உனக்கு வெயில் இல்ல, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவர் கோபம் தீராமல் மாடியைச் சுற்றினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார்.

"இது என்ன?"

தொட்டிக்குப் பின்னால் இரண்டு சட்டம் அட்டை நகர்த்தப்படாமல் நின்றது. வெயிலக்கா நாத்தனாரைப் பார்த்தாள்.

"இடுப்பு வலி அண்ணி" என்றாள் நாத்தனார், வானத்தைப் பார்த்துக்கொண்டு. "எடுத்துட்டேன்னு சொன்னேன். எடுக்கலை. இப்பத் திட்டணும்னா திட்டிக்க. எப்படியும் எல்லாம் போச்சே."

பைண்டிங் அண்ணன் ஓர் அட்டையை உருவித் தரையில் வைத்தார். ஆடவில்லை. மூலையை அழுத்தினார். அசையவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, விளிம்போடு பார்த்தார். கோடு போட்டது போல நேராக இருந்தது. "ஆனா ஈரம்" என்று சொல்லிக்கொண்டே வழக்கப்படி நகத்தால் சுண்டினார். டொக்கென்று தெளிவாகக் கேட்டது. ஈரமான அட்டை அப்படிப் பேசாது; அதன் சத்தம் அமுங்கிப்போகும். இன்னொன்றைச் சுண்டினார். இன்னொன்று.

"காஞ்சிருக்கு" என்றார். நம்பாமல் திரும்பவும் சொன்னார். "காஞ்சு கிடக்குது அக்கா. கல்லே வைக்க வேண்டாம் போல. இதை யாரு காயப்போட்டது?"

"என் இடுப்பு" என்றாள் நாத்தனார்.

வெயிலக்கா வந்து புறங்கையை வைத்தாள். ஜில்லென்றுதான் இருந்தது. கையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு அவர் செய்தது போல நகத்தால் சுண்டினாள். அவள் முகத்தில் அப்போது வந்ததை வெட்கம் என்று சொல்ல முடியாது. வழி தவறியவளுக்குத் திசை தெரிந்தது போன்ற முகம் அது. இத்தனை வருஷமும் வெயிலில் காயப்போட்ட கை. சூடும் காய்ந்ததும் அதற்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. காற்றில் காய்ந்தது சூடாகாது என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை. காலையிலேயே எல்லா அட்டையும் காய்ந்துதான் இருந்தது. காய்ந்த அட்டையைத் தூக்கி வெயிலில் வைத்து அவளே வளைத்திருக்கிறாள்.

அதை அப்படியே அண்ணனிடம் சொன்னாள். மறைக்கவில்லை, நாத்தனார் மேல் போடவுமில்லை.

"சொல்லிட்டே, சரி. பஸ்ஸு?" என்றார் அவர்.

"நேரா இருக்கறதை இன்னைக்கு அனுப்புங்க. மிச்சம் நாளைக்கு வரும்னு சொல்லுங்க. வளைஞ்சதுக்கு முதுகுல ஈரத் துணியால ஒத்தி, திரும்ப இந்த நிழல்லயே நிக்க வெக்கிறேன். நிமிரலைன்னா அட்டைக்கு நான் பொறுப்பு."

"நிமிரும்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுண்ணே. நாளைக்குத் தெரியும்."

அந்தப் பதிலுக்காகவே சம்மதித்தேன் என்று அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அன்று சொன்னது வேறு. "உன் நாத்தனாரை இதுல கை வெக்க விடாதே. இல்ல, அவங்களை மட்டும் வெக்க விடு. எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

மறுநாள் உச்சி வெயில் விழும் நேரத்தில், சட்டங்களை அந்தத் துண்டிலிருந்து தள்ளி வைப்பதற்காக இரண்டு பெண்களும் ஓடினார்கள். முந்தின நாள் வெயிலுக்குள் இழுத்த அதே சட்டங்கள். மாலையில் அட்டைகள் நிமிர்ந்திருந்தன. ஒன்றிரண்டு அடம் பிடித்தன. அவற்றை அண்ணன் கல்லடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வெயிலக்கா தன் கையைத் திருத்திக்கொண்டாள். அது எளிதல்ல. வரிசையில் நடக்கும்போது புறங்கை தானாக நீளும். வலது கையை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு, இடது கை நகத்தால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போவாள். "அண்ணிக்குக் காதுல வலி" என்று நாத்தனார் பக்கத்து மாடிக்காரிகளிடம் சொல்லி வைத்தாள். சுண்டிப் பார்க்க முடியாத சரக்குக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. நாடாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள், கன்னத்தில் உரசினாள், கடைசியில் நிழலில் சாயநாடா சரிவராது என்று ஒத்துக்கொண்டு நாடாக்காரரிடமே சொல்லி அனுப்பினாள். சரிவராததைச் சரிவரும் என்று சொல்லும் வழக்கம் அவளிடம் இல்லை.

சட்டக்காரர் வந்தார். வெயிலில் வார்னிஷ் கொப்பளிக்கும். நிழலில் வைத்தால் கண்ணாடி மாதிரி வருகிறது. பொம்மைக்காரர் வந்தார்; பெயின்ட் வெடிக்கவில்லை. பைண்டிங் அண்ணன் கல்லை மூலையில் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மேஜை போட்டார். கோடை முழுக்கக் கப்பி கிறீச்சிட்டது.

ஆனால் வீட்டுக்காரர் சொன்னது மழை வரைக்கும். அவர் சொன்ன சொல் மாறாதவர்: மழைக்கு முன்னால் தொல்லை தர மாட்டார், மழை வந்தால் விடவும் மாட்டார்.

முதல் மேகம் கூடிய வாரத்தில் தகர ஷெட் போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்தார். அந்த ஆள் டேப்பை இழுத்து ஒரு மூலையில் அளக்க ஆரம்பித்தார். மாடி முழுவதும் சட்டங்கள். அளப்பவர் ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, வெயிலே இல்லையே. எதுக்கு இத்தனை சரக்கு?"

"காத்துல காயுதுங்க ஐயா."

"காத்துலயா?" ஒரு படச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். தன் முகம் அதில் தெரிந்ததும் கீழே வைத்தார். "மழை நாள்ல என்ன பண்ணுவே?"

"மேல மட்டும் தார்ப்பாய் கட்டினாப் போதும். வெயில் வேணும்னாத்தான் வானம் திறந்திருக்கணும். காத்துக்குப் பக்கவாட்டுல வழி இருந்தாப் போதுமே. மழை நாள்லயும் அது வருது. மழைக்காலத்துல மத்த மாடியெல்லாம் சும்மா கிடக்கும். என்னுது கிடக்காது."

இதை அவள் வீறாப்பாகச் சொல்லவில்லை. அந்த வாரம்தான் தூறலில் தார்ப்பாய் கட்டிச் சோதித்திருந்தாள்; காய வழக்கத்தைவிட ஒரு நாள் அதிகம் பிடித்தது, அதையும் சொன்னாள்.

"ரூம் போட்டா?" என்றார் வீட்டுக்காரர், யாரிடமோ கேட்பது போல.

"ரூம் போட்டாக் காத்து நின்னுடும். ரூம்ல இருக்கறவங்களுக்கும் வெந்துபோகும். அது உங்க இஷ்டம். நான் தர்ற வாடகை நிக்காது, அதை மட்டும் சொல்லிக்கறேன்."

கால்வாய்ப் பக்கத்துக் காற்று வீட்டுக்காரர் சட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. வேர்வை காய்ந்துவிட்டதை அவரே அப்போதுதான் உணர்ந்தார் போல, கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"டேப்பைச் சுருட்டுப்பா" என்றார் ஷெட்காரரிடம்.

"அளந்து முடிக்கலையே சார்."

"வேண்டாம். கீழ வா, டீ குடிச்சிட்டுப் போ."

ஷெட்காரர் இறங்கிப் போனார். வீட்டுக்காரர் போகவில்லை. மேலே இப்படிக் காற்று வருவது தெரியாமல் இத்தனை வருஷம் கூடத்தில் விசிறியடியில் உட்கார்ந்திருந்தோமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுகமாக நின்றார். வெயிலக்கா நகத்தால் சுண்டிக்கொண்டே அவர் வரைக்கும் வந்தாள். அவருக்குப் பின்னாலிருந்த அட்டையைச் சுண்டிக் காதைச் சாய்த்தாள். சத்தம் அமுங்கியிருந்தது.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "காத்தை மறைக்கிறீங்க."